பட்டினியும் ஒரு மருந்தா?

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் மாணவ மாணவிகளிடம் குறித்த காலங்களில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, அவர்களுடைய உடல் நலத்தைப் பற்றி விவரம் சேகரிப்பது அந்த நாட்டு வழக்கம். சரியாகத் தூக்கம் வருகிறதா, சிகரெட் பிடிப்பதுண்டா, சென்ற ஆண்டில் என்னென்ன நோய்களுக்கு டாக்டரிடம் போனீர்கள் என்பது போன்ற கேள்விகள் அதில் இருக்கும். 2008 முதல் 2011 வரை 223 கல்லூரிகளிலிருந்து இவ்விதம் வந்து குவிந்த விடைத்தாள்கள் 2,89,024. பரபரப்பான செய்தி எதையும் எதிர்பார்த்து அவற்றை யாரும் சேகரிக்கவில்லை. பிற்பாடு ஆராய்ச்சியாளர் சிலர் அந்தக் குவியலிலிருந்து ஒரு சிறு கட்டைத் தனியே பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். அதில் 479 தாள்களே இருந்தன. எழுதியவர்கள் அனைவரும் திருநர்.

பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இவ்விரு சாராரையும், இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துத் திருநர் என்று இப்போது தமிழில் சொல்லுகிறார்கள்.

எண்ணிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். உணவுக் கோளாறு என்று வைத்தியர்கள் பெயரிட்டிருக்கும் நோய் ஒன்று தனக்கு இருப்பதாக முந்திய ஓராண்டுக்குள் டாக்டர் கூறியதுண்டு என்று எழுதியவர்கள், ஆண்களையே நாடும் மற்றப் பெண்களில் 100-க்கு 1.85 பேர். திருநரில் 100-க்கு 15.82 பேர். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பது, பேதி மருந்து உட்கொள்வது ஆகியவற்றைச் செய்வதாக ஒப்புக்கொண்டவர்களும் திருநரிலேயே மிக அதிகம். 2015-ல் இந்த முடிவு வெளியானபோது, இத்துறையில் நெடுநாள் உழைத்த வைத்தியர்களே திடுக்கிட்டார்கள். ஏனென்றால், உணவுக் கோளாறு என்றால் இளம் பெண்களின் நோய், அதிலும் வசதியான வீட்டுப் பெண்களின் நோய் என்பதே சுமார் நூற்று நாற்பது ஆண்டுகளாக நிலவி வந்த அபிப்பிராயம்.

எண்ணை எப்படிப் படிப்பது?

இத்தகைய புள்ளி விவரத்தைக் கண்டதும் பதறிவிடுவதும் தவறு, தள்ளிவிடுவதும் தவறு. 479 பேர் என்பது சிறிய தொகை. அவர்களுடைய நோயை யாரும் நேரில் பரிசோதிக்கவில்லை; அவர்களாக எழுதிக் கொடுத்ததுதான். மேலும், திருநர் மற்றவர்களைக் காட்டிலும் மனோதத்துவ டாக்டர்களை அதிகமாகச் சந்திக்க நேருகிறது. ஹார்மோன் சிகிச்சைக்கும் சத்திர சிகிச்சைக்கும் அவர்களுடைய கடிதம் வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. டாக்டரை அடிக்கடி பார்ப்பவனுக்கு வியாதியின் பெயர் அடிக்கடி தெரிய வருவது இயல்பு.

இன்னொரு சங்கடமும் உண்டு. உணவுக் கோளாற்றை அளக்க வைத்தியர்கள் உபயோகிக்கும் கேள்விப் பட்டியல்கள் பெரும்பாலும் பெண் நோயாளிகளை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. 'உங்கள் உடலின் வடிவம் உங்களுக்கு எவ்வளவு அதிருப்தி அளிக்கிறது?' என்பது போன்ற கேள்வி அவற்றில் இருக்கும். ஒரு திருநம்பி தன் மார்பை நினைத்து 'மிகுந்த அதிருப்தி' என்று பதில் எழுதுவார். அவர் வயிறு நிறையச் சாப்பிடுகிறவராகவே இருக்கலாம். ஆனாலும் கணக்கில் அவருக்கு நோய்க்கான புள்ளிகள் ஏறிவிடும்.

கல்லூரிக் கணக்கில் டாக்டர் சொன்னாரா இல்லையா என்பதைத்தான் கேட்டார்கள். ஆகவே இந்தச் சங்கடம் அதை அவ்வளவாகத் தொடவில்லை. மற்றக் காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், ஏனைய பெண்களைப்போல் திருநருக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்றே நின்றது. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதி பெரிதுதான்.

இரண்டு கண்ணாடிகள்

இந்த நோய்க்குப் பெயர் வைத்த கதையைச் சற்றுப் பார்ப்பது நல்லது. விக்டோரியா மகாராணியின் வைத்தியர்களில் ஒருவரான ஸர் வில்லியம் கல், பசியை அடக்கி எலும்புந் தோலுமாகத் தேய்ந்துபோன இளம் பெண்களைப் பற்றி 1873-ல் லண்டன் வைத்தியர் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அதே ஆண்டில் பாரிஸ் நகரத்தில் லஸேக் என்ற டாக்டரும் இதையே எழுதினார். கல் சூட்டிய 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வயிறு புடைக்கத் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் 'புலிமியா' என்ற மற்றொரு வகைக்கு 1979-ல்தான் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற டாக்டர் பெயரிட்டார்.

ஆனால், ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆழமான பதில் ஒன்றை 1962-ல் கூறியவர் ஹில்டா ப்ரூக் என்ற அம்மையார். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் வெளியேறி, அமெரிக்காவில் குடியேறிய மனோதத்துவ நிபுணர் அவர். இந்நோயாளிகள் தங்கள் உடலைச் சரியாகப் பார்க்க முடியாதவர்கள் என்றார் அவர். எலும்பு தெரியும் பெண், கண்ணாடி முன் நின்று தன்னைப் பருமனாகக் காண்கிறாள். கண்ணாடி மெய் சொல்லுகிறது. மனம் அதைப் பொய்யாக மாற்றிவிடுகிறது. ஆகவே, கண்ணாடியில் தெரியும் உடலை உள்ளபடி பார்க்கவும், பார்த்த பின் ஏற்றுக் கொள்ளவும் கற்பிப்பது சிகிச்சையின் முக்கிய அங்கமாயிற்று.

திருநம்பி ஒருவர் அதே கண்ணாடி முன் நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு மார்பு தெரிகிறது. மார்பு உண்மையிலேயே இருக்கிறது. இடுப்பு அகன்றிருப்பதாகத் தெரிகிறது. அதுவும் உண்மை. அவர் கண்ணில் பிசகு ஏதும் இல்லை. உள்ளதை உள்ளபடி பார்ப்பதுதான் அவருடைய துன்பமே. இவரிடம் போய், 'நீ பார்ப்பது பிரமை, உன் உடல் அழகாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதில் என்ன பயன்? அழகில்லை என்று அவர் எப்போது சொன்னார்?

இந்த இரண்டு துன்பங்களும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருவதும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவது சுலபமான காரியமல்ல. ஆனால் பிரித்தறிய வேண்டும் என்ற எண்ணமே வைத்திய உலகத்துக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது.

பசி செய்யும் வேலை

பின்லாந்து தேசத்தில் 20 திருநரை நேரில் உட்காரவைத்து, உணவைப் பற்றி நிதானமாகப் பேசச் செய்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் மெலிந்து போவதற்காகச் சாப்பாட்டைக் குறைத்தவர்களாக இருந்தார்கள். காரணம் கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பெண்ணுடலின் அடையாளங்களை அழிப்பதற்காக மெலிந்தவர் சிலர். பெண்ணின் மென்மையை வரவழைப்பதற்காக மெலிந்தவர் சிலர். ஒரே பட்டினி, எதிரெதிரான இரண்டு நோக்கங்கள்!

உடல் நூல் இதற்கு விளக்கம் சொல்லுகிறது. போதிய ஆகாரம் கிடைக்காதபோது, உயிரைக் காப்பதற்காக உடம்பு தன் செலவுகளை ஒவ்வொன்றாகக் குறைக்கிறது. இனப்பெருக்கத்துக்கான வேலைகளை முதலில் நிறுத்தி வைக்கிறது. மூளையின் அடியிலிருந்து புறப்படும் கட்டளை நின்றுபோகிறது. பெண்ணுடலில் மாதவிலக்கு நின்றுவிடும். மார்பும் இடுப்பும் வற்றும். ஆணுடலில் ஆண் ஹார்மோன் குறைந்து, தசை கரையும், இச்சை அடங்கும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி, யுத்தத்தில் சேர மறுத்த 36 இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்துடன் ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டுப் பரீட்சித்தார். யுத்தத்தால் பஞ்சத்தில் அடிபட்ட ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று அறிவதற்காக நடந்த சோதனை அது. அந்தத் திடகாத்திரமான இளைஞர்கள் பெண்களைப் பற்றிய நினைப்பையே இழந்தார்கள். உணவைப் பற்றி மட்டுமே பேசினார்கள், கனாக் கண்டார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள்!

பட்டினி மனிதனைப் பால் வேறுபாடு இல்லாத குழந்தைப் பருவத்தை நோக்கித் திருப்புகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பதினான்கு வயதில் தனக்கு வேண்டாத பருவம் தன் உடலில் வந்து இறங்குவதைக் காணும் ஒரு பிள்ளைக்கு, டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை, வீட்டில் வாய் திறக்கவும் வழியில்லை. அப்போது தட்டைத் தள்ளிவைப்பது ஒன்றே அதன் கையில் இருக்கும் மருந்து. கேடு என்னவென்றால், அந்த மருந்து ஓரளவு வேலையும் செய்கிறது. அதனால்தான் அதை விடுவது கடினமாக இருக்கிறது.

அந்த மருந்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். எலும்பு உறுதி பெறவேண்டிய வயதில் ஹார்மோன் வற்றிப் போனால், பிற்காலத்தில் எடை கூடினாலும் எலும்பு முழுதும் தேறுவதில்லை. வாந்தியெடுத்து எடுத்து ரத்தத்தில் பொட்டாஸியம் குறைந்தால் இருதயம் தாளந் தவறும். முன்னறிவிப்பு ஒன்றுமின்றி நின்றும் போகலாம். உணவுக் கோளாறுகளில் ஏற்படும் மரணத்தைப் பற்றி உலகத்தில் நடந்த 36 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2011-ல் கணக்கிட்டார்கள். அனோரெக்ஸியா நோயாளிகள் தங்கள் வயதொத்தவர்களைப்போல் சுமார் ஆறு மடங்கு அதிகமாக இறக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படி இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலையால் மாண்டவர். அந்தக் கணக்கைப் போட்டவர்களில் முதல்வரான டாக்டர் ஜான் ஆர்ஸெலஸ், இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் திருநருக்கான சிகிச்சை நிலையத்திலும் பணியாற்றியவர் என்பது கவனிக்கத்தக்கது. அவரைப்போல் இரண்டு துறைகளிலும் கால் வைத்தவர்கள் மிகச் சிலரே.

பத்திரிகைகள் வகுத்த அழகு

திருநங்கையரின் மெலிவுக்கு வெளியுலகத்தின் பங்கும் உண்டு. 1952 டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் ஒரு பெரிய செய்தியை வெளியிட்டது. அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒருவர் டென்மார்க்கில் சிகிச்சை பெற்று, கிறிஸ்டீன் ஜார்கென்ஸன் என்ற பெண்ணாகிவிட்டார் என்பதே செய்தி. அவருடைய பொன்னிறக் கூந்தலையும் அழகையும் தலைப்பிலேயே போட்டார்கள். மறு ஆண்டு அவர் விமானத்திலிருந்து இறங்கியபோது, பத்திரிகைக்காரர்கள் அவருடைய ஒப்பனையையும் உடையையும் கால்களையும் விவரித்துப் பத்தி பத்தியாக எழுதினார்கள். அவர் மெல்லியவர், நாகரிகமாக உடுத்துபவர். ஆகவே உலகம் அவரைப் பெண் என்று ஒப்புக் கொள்ளச் சம்மதித்தது. பருமனாகவும் தோள் அகன்றும் இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்குமா?

அன்று எழுதாமல் எழுதப்பட்ட அந்த விதி பெரும்பாலும் இன்றும் செல்லுபடியாகிறது. பிறவியிலேயே பெண்ணாக எழுதப்பட்டவள் பருத்திருந்தால், பருத்த பெண் என்பார்கள். திருநங்கை பருத்திருந்தால், பெண்ணே அல்ல என்பார்கள். தெருவில் ஒருவர் தன்னை உற்றுப் பார்க்காமல் கடந்து செல்ல வேண்டுமானால், சிறியவளாக, ஒடுங்கியவளாக இருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போடுகிறார். உற்றுப் பார்ப்பதோடு நில்லாமல் அடிக்கவும் வருகிற தெருக்கள் உண்டு என்பதை நினைத்தால், இதை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு வாசல்கள்

நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நடப்பது இன்னும் வருந்தத் தக்கது. உணவுக் கோளாறு வார்டுகள் பெண்களை உத்தேசித்தே அமைந்தவை. திருநம்பியை அங்கே சேர்த்தால், பெண்கள் கூட்டத்தில் உட்காரவைத்து, பெண்ணுடலின் வளைவுகளைப் போற்றக் கற்றுக் கொடுக்கிறார்கள். தேற வேண்டிய எடையைக் குறிக்க ஆணுக்கு ஓர் அட்டவணை, பெண்ணுக்கு ஓர் அட்டவணை. இவரை எந்த அட்டவணையில் சேர்ப்பது? ஹார்மோன் எடுப்பவர் விஷயத்தில் இந்தக் கேள்விக்குச் சுலபமான விடை கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மாதவிலக்கு திரும்ப வருவதுதான் உடம்பு தேறியதற்கு நல்ல அடையாளம் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள். மாதவிலக்கு நிற்பது அனோரெக்ஸியாவின் இலக்கணங்களில் ஒன்றாகவே அமெரிக்க மனோதத்துவ வைத்தியர்களின் நோய்க் கையேட்டில் இருந்தது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதை நீக்கினார்கள். ஆயினும் 'மீண்டும் வந்துவிட்டதா?' என்று டாக்டர் கேட்பதும், வந்தால் மகிழ்ச்சி தெரிவிப்பதும் மாறவில்லை. திருநம்பிக்கோ, அது திரும்ப வரும் நாள் துக்க நாள். எதைத் தடுக்க அவர் பட்டினி கிடந்தாரோ அதை வரவழைத்துவிட்டு, குணமாகிவிட்டீர்கள் என்று வாழ்த்தினால், அவர் வீடு திரும்பியதும் என்ன செய்வார் என்பதை ஊகிக்கலாம்.

இதிலிருந்து தப்பி வேறு வாசலைத் தட்டுகிறவர்களும் உண்டு. திருநருக்கான சிகிச்சை நிலையத்துக்குப் போனால், 'முதலில் சாப்பாட்டு நோயைக் குணப்படுத்திக்கொண்டு வாருங்கள். இந்த உடம்பு ஹார்மோனைத் தாங்காது' என்று சொல்லக் கூடும். உணவுக் கோளாறு நிலையத்தாரோ, 'பால் சம்பந்தமான விஷயம் எங்களுடையதல்ல. அதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்பார்கள். தாசில்தார் ஆபீசிலும் ரிஜிஸ்திரார் ஆபீசிலும் மாறி மாறி அலைந்தவர்களுக்கு இந்த அனுபவம் புரியும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அலைகிற காகிதம் ஒரு மனித உடம்பு. அது நாளுக்கு நாள் தேய்ந்து கொண்டே வருகிறது.

சிலர் எந்த வாசலுக்கும் போவதில்லை. 2015-ல் அமெரிக்காவில் 27,715 திருநரிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், டாக்டர் தங்களை மரியாதைக் குறைவாக நடத்துவாரோ என்ற அச்சத்தால், தேவை இருந்தும் முந்திய ஆண்டில் டாக்டரிடம் போகவில்லை என்று 100-க்கு 23 பேர் கூறினார்கள்.

சிகிச்சை கிடைத்தால்?

விரும்பிய பாலுக்குரிய சிகிச்சை கிடைத்தால் உணவு நோய் தணியுமா என்பது அடுத்த கேள்வி. நாட்டிங்ஹாம் நிலையத்துக்கு வந்தவர்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, ஹார்மோன் எடுத்துக் கொண்டிருப்பவர்களை விட, இன்னும் எடுக்காதவர்களிடம் உணவுக் கோளாறின் குறிகள் அதிகமாக இருந்தன. அமெரிக்காவில் 2017-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியும், சிகிச்சை பெற்றவர்களுக்குத் தங்கள் உடலில் திருப்தி கூடுகிறது, அதன் வழியாக உணவுத் தொல்லை குறைகிறது என்ற திசையையே காட்டியது.

இவை நம்பிக்கை தரும் செய்திகள். ஆனால் முடிந்த முடிவுகள் அல்ல. ஒரே ஆளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த கணக்கு அல்ல இவை; ஒரு சமயத்தில் இரு வகையினரை ஒப்பிட்ட கணக்கு. நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே சிகிச்சை எளிதில் கிடைத்திருக்கலாம் அல்லவா? மேலும், சிகிச்சையே சிலருக்குப் புதுத் தொல்லையைக் கொண்டு வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக் கொள்ளும் திருநம்பிக்குப் பசி கூடும், எடையும் கூடும். வருஷக்கணக்காகப் பசியை எதிரியாக நினைத்தவருக்கு இது பெரிய சோதனை. சத்திர சிகிச்சை செய்யும் டாக்டர்களில் பலர், உயரத்துக்கு ஏற்ற எடைக்கு ஒரு வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்டவர்களை எடுத்துக் கொள்வதில்லை. மயக்க மருந்தின் அபாயத்தைக் கருதி வகுத்த விதி என்பார்கள். ஆனால் உணவு நோய் உள்ள ஒருவருக்கு, 'எடையைக் குறைத்துக் கொண்டு வா, உன் வாழ்நாள் ஆசை நிறைவேறும்' என்று சொல்லி அனுப்புவது, குடித்துக் கெட்டவனுக்குச் சாராயக் கடையில் வேலை போட்டுக் கொடுப்பதற்குச் சமானம்.

ஏழைக்கும் உண்டு

பசி எப்போதும் தானாக விரும்பி ஏற்பதும் அல்ல. முன் சொன்ன 2015 கணக்கெடுப்பில், திருநரில் 100-க்கு 29 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அமெரிக்க ஜனத்தொகையில் ஏழைகளின் விகிதத்தைப்போல் இது இரு மடங்குக்கு மேல். வாழ்நாளில் ஒரு முறையாவது வீடின்றித் தவித்தவர்கள் 100-க்கு 30 பேர்.

வறுமைக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டெக்ஸாஸ் மாகாணத்தின் ஸான் அன்டோனியோ நகரத்தில், இலவச தானியம் வாங்க வந்த 503 பேரை ஆராய்ந்து 2017-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அவர்கள் திருநர் அல்லர்; சாதாரண ஏழை மக்கள். வீட்டில் குழந்தைக்கும் சோறில்லாத அளவுக்கு வறுமை முற்றியவர்களில் 100-க்கு 17 பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு உணவுக் கோளாறு இருந்தது. கிடைக்காத நாளில் பட்டினி, கிடைத்த நாளில் இனி எப்போது கிடைக்குமோ என்ற பயத்தில் அடங்காத தீனி, அதன்பின் வெட்கம். வசதியுள்ள வீட்டு வியாதி என்ற பழைய அபிப்பிராயம் இங்கே முழுதும் பொய்த்துவிட்டது. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பதினேழு வயதுத் திருநங்கையிடம் இந்தப் பசியும் அந்தப் பசியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எது எந்தப் பசி என்று அவருக்கே தெரியாது.

கோர்ட்டு தீர்ப்பும் பிறகும்

இவ்வளவும் இப்போது பேசப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத திருநருக்குப் பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்தும் ஹார்மோனும் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் இயற்றிவிட்டன. அவற்றில் ஒன்றான டென்னஸி மாநிலத்தின் 2023-ம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 18-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். இங்கிலாந்தில் டாக்டர் ஹிலரி காஸ் என்ற குழந்தை வைத்தியர் தலைமையில் நடந்த விசாரணை, இந்த மருந்துகளால் நன்மை என்பதற்கான ஆதாரங்கள் பலவீனமாக இருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சிறுவர்களுக்குப் புதிதாகப் பருவத் தடை மருந்து எழுதுவதற்கு அந்நாட்டுச் சர்க்கார் காலவரையறையின்றித் தடை விதித்தது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் போன்றவை, தக்க பரிசோதனைக்குப் பிறகு இச்சிகிச்சை வேண்டியதே என்று வாதாடி வந்திருக்கின்றன.

இந்த வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தடையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒன்றை மறந்து விடுகிறார்கள். மருந்துக் கடையைச் சட்டம் மூடலாம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் கையை எந்தச் சட்டமும் பிடிக்க முடியாது. மருந்து மறுக்கப்பட்ட பிள்ளைகள் அனைவரும் பட்டினி கிடப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அப்படிக் கிடப்பவர்கள் உணவுக் கோளாறு டாக்டரிடம்தான் வந்து சேருவார்கள். அவர், 'இது என் துறை அல்ல' என்று கூறித் தப்ப முடியாது.

அவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது அப்படியொன்றும் புதுமையான வைத்தியமும் அல்ல. மாதவிலக்கை நிறுத்தி வைப்பதற்கு மாத்திரைகள் உண்டு. அதிக உதிரப் போக்கு முதலிய தொல்லைகளுக்காக மகளிர் வைத்தியர்கள் பல்லாண்டுகளாக எழுதிக் கொடுப்பவை அவை. நம் ஊரிலும் கோயில் திருவிழாவோ கலியாணமோ வந்தால், நாளைத் தள்ளிப்போடுவதற்காக மருந்துக் கடையில் வாங்குகிறார்களே, அதே வகை மாத்திரைதான். (டாக்டரைக் கேட்காமல் வாங்கி விழுங்குவது நல்லதல்ல.) அமெரிக்க மகளிர் வைத்தியர் கழகம் 2022-ல் வெளியிட்ட குறிப்பில், மாதவிலக்கை நிறுத்தக் கோரி வருகிறவர்களில் திருநரையும் சேர்த்துப் பேசியிருக்கிறது. எலும்பு தேய்ந்துபோனால் அந்த மாத்திரை ஈடு செய்யாது. சோறுதான் ஈடு செய்யும். ஆனால் சோறு தின்றால் அந்த மூன்று நாள் திரும்பி வரும் என்ற பயம் நீங்கினால், தட்டின் முன் உட்காருவதற்கு ஒரு தடை குறைகிறது.

இதற்கெல்லாம் முதலில், நோயாளியிடம் டாக்டர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எத்தனை எடை குறைந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதற்காகக் குறைய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. 'அழகாக இருக்க வேண்டும்' என்று ஒரு பெண் சொல்லக் கூடும். 'பையனாக இருக்க வேண்டும்' என்று அடுத்த கட்டிலில் கிடப்பவர் சொல்லக் கூடும். இருவர் தலைமாட்டிலும் தொங்குகிற சீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயர் ஒன்றேதான். முதலாமவருக்கு எழுதிய மருந்தையே இரண்டாமவருக்கும் எழுதி வந்திருக்கிறார்கள்.